கார்ட்டூன்: கடுதாசியின் தூரத்து உறவு

தமிழில் கார்ட்டூன் என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. நாளிதழில் அரசியல்வாதியின் மூக்கை நீட்டி வரைந்த ஒற்றைப் படமும் கார்ட்டூன்தான். டிவியில் பூனை எலியைத் துரத்துவதும் கார்ட்டூன்தான். முதலாவதற்குக் கேலிச்சித்திரம், கருத்துப்படம் என்று இரண்டு நல்ல சொற்கள் நிலைத்துவிட்டன. இரண்டாவதில்தான் தடுமாற்றம். அகராதியைப் புரட்டிவிட்டு அதையும் கேலிச்சித்திரம் என்றே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்த எவருக்கும் அது உறுத்தும். அந்தப் பூனை யாரைக் கேலி செய்கிறது? அது பாவம், வாணலியில் அடி வாங்கி முகம் வாணலி வடிவத்துக்கு மாறி நிற்கிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

இத்தாலிய மொழியில் கார்த்தா என்றால் காகிதம். அதோடு பெரியது என்ற பொருள் தரும் விகுதி சேர்ந்தால் கார்த்தோனே, அதாவது பெரிய தடித்த காகிதம். ஆங்கிலத்தின் கார்ட்டூன் அதிலிருந்து வந்தது. அட்டைப்பெட்டியைக் குறிக்கும் கார்ட்டன் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். இன்னும் பின்னோக்கிப் போனால் லத்தீனின் கார்ட்டா, அதற்கும் முன்னால் பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் கார்த்தேஸ்.

இந்தக் கார்த்தேஸுக்கு இன்னொரு கிளையும் உண்டு. அரபியில் கிர்தாஸ் ஆகி, அங்கிருந்து போர்த்துகீசிய மொழியில் கர்த்தாஸ் ஆனது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் போர்த்துகீசியர்கள் மற்ற நாட்டுக் கப்பல்களைக் கட்டாயப்படுத்தி வாங்க வைத்த அனுமதிச் சீட்டுக்கும் கர்த்தாஸ் என்றுதான் பெயர். நம் ஊர்க் கடுதாசியும் ஈழத்துக் கடதாசியும் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை. ஆக, கார்ட்டூனும் கடுதாசியும் ஒன்றுவிட்ட சொந்தம்.

காகிதம் எப்படிப் படமானது? அன்றைய இத்தாலிய ஓவியர்கள் சுவரில் ஈரச் சுண்ணப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் தீட்டியாக வேண்டும். அங்கே நின்று யோசிக்க நேரமில்லை. அதனால் முழு அளவுக் காகிதத்தில் முன்கூட்டியே வரைந்துகொள்வார்கள். கோடுகளின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, சுவரில் ஒட்டிப் பிடித்து, கரித்தூள் கட்டிய துணியால் தட்டுவார்கள். கோல அச்சில் பொடி தூவுகிற அதே வேலை. காகிதத்தை எடுத்தால் சுவரில் புள்ளிப்புள்ளியாக உருவம் நிற்கும். அந்த மாதிரிப் படத்துக்குத்தான் கார்ட்டூன் என்று பெயர். திரைச்சீலை நெய்வதற்கும் இப்படி வரைந்து கொடுத்தார்கள். போப் பத்தாம் லியோ 1515-இல் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காக ஓவியர் ரஃபேலிடம் கேட்டு வாங்கியவற்றில் ஏழு இன்னும் இருக்கின்றன; லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பைபிள் காட்சிகள். சிரிக்க அவற்றில் ஒன்றும் இல்லை.

சிரிப்பு ஒட்டிக்கொண்டது 1843-இல். லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் 1834-இல் எரிந்துபோய், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்சுவர்களுக்கு ஓவியம் தீட்டப் போட்டி வைத்து, வந்த மாதிரிப் படங்களை, அதாவது கார்ட்டூன்களை, மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பஞ்ச் என்ற நகைச்சுவை வார இதழுக்கு எரிச்சல். ஏழைகள் பட்டினி கிடக்கும்போது அரசு சுவருக்கு அலங்காரம் செய்கிறதா என்று, அதே கண்காட்சிக்குக் கந்தல் உடையில் ஏழைகள் வந்து படங்களை வெறித்துப் பார்ப்பதாக ஜான் லீச் வரைந்த படத்தை ஜூலையில் வெளியிட்டது. தலைப்பில் குறும்பாகக் 'கார்ட்டூன், எண் 1' என்று போட்டது. கிண்டலுக்காகப் போட்ட அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு பத்திரிகையில் வரும் எந்த வேடிக்கைப் படமும் கார்ட்டூன்.

தமிழில் இந்தக் கலை கால் வைத்தது பாரதியின் 'இந்தியா' வார இதழில், 1906-க்குப் பிறகு. ஆனந்த விகடனில் மாலி, ஈழத்தில் சிரித்திரன் சுந்தர் என்று அந்த மரபு நீண்டது. கருத்துப்படம் என்ற சொல் அரசியல் படத்துக்கு மிகப் பொருத்தம். அங்கே படத்தைவிடக் கருத்துதான் முந்தி நிற்கும். கேலிச்சித்திரம் இன்னும் கொஞ்சம் அகலமானது. ஒருவருடைய சாயலை மிகைப்படுத்தி வரையும் கேரிகேச்சரையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம்.

இனி அசையும் படங்கள். அமெரிக்காவில் வின்சர் மெக்கே போன்ற பத்திரிகை ஓவியர்களே திரைக்கும் வரைய ஆரம்பித்தார்கள். 1914-இல் அவர் வரைந்த டைனோசர் ஜெர்ட்டி, மேடையில் நின்று அவர் சொல்வதைக் கேட்டுத் திரையில் நடந்தது. பத்திரிகைக்காரர்கள் வரைந்தது என்பதால் பழைய பெயரும் கூடவே வந்தது: அனிமேட்டட் கார்ட்டூன், அசைகிற கார்ட்டூன். நாளடைவில் முன்னால் இருந்த அடைமொழி உதிர்ந்து வெறும் கார்ட்டூன் ஆயிற்று. 1932-இல் ஆஸ்கர் இதற்கென்று பரிசு ஏற்படுத்தியபோது பிரிவின் பெயரிலேயே கார்ட்டூன் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு அனிமேஷன் என்று கௌரவமாக மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. கார்ட்டூன் என்று சொல்லக் கூச்சப்படும் ஆட்கள்தான் கார்ட்டூனில் நகைச்சுவையைக் குறைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

ஏனென்றால் 1930 முதல் 1960 வரை ஹாலிவுட்டில் வந்த ஏழு நிமிடக் குறும்படங்களுக்கு இணை இன்றுவரை இல்லை. திரையரங்கில் முழுப்படத்துக்கு முன்னால் போடுவதற்காக எடுத்தவை. குழந்தைகளுக்கென்று எடுத்தவை அல்ல. வார்னர் நிறுவனத்தின் லூனி ட்யூன்ஸ் 1930-இல் தொடங்கியது. இந்தப் பெயரில் பலரும் ஏமாறுகிறார்கள். 'டூன்ஸ்' என்று கார்ட்டூனின் சுருக்கமாக நினைத்துவிடுகிறார்கள். அது ட்யூன்ஸ், மெட்டுகள். வார்னரிடம் இருந்த பாடல்களுக்கு விளம்பரம் தேடுவதும் அந்தப் படங்களின் வேலையாக இருந்தது. டிஸ்னியின் சில்லி சிம்பொனீஸ் தொடரின் பெயரைப் பார்த்துக் கிண்டலாக வைத்தது.

அங்கே டெக்ஸ் ஏவரி, பாப் கிளாம்பெட், சக் ஜோன்ஸ், ஃப்ரிஸ் ஃப்ரெலெங் போன்ற இயக்குநர்கள் கரையான் புற்று என்று அவர்களே செல்லப்பெயர் வைத்த பாழடைந்த கட்டடத்தில் உட்கார்ந்து ஒரு படையையே உருவாக்கினார்கள். திக்குவாய்ப் பன்றி போர்க்கி 1935, பேராசைக்கார வாத்து டாஃபி 1937, கேரட்டைக் கடித்தபடி எதிராளியை அலட்சியமாகப் பார்க்கும் பக்ஸ் பன்னி 1940. இவர்கள் உட்பட ஒரு பட்டாளத்துக்கே குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க் என்ற ஒரே மனிதர். அதே 1940-இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் ஒரு பூனையையும் எலியையும் மோதவிட்டார்கள். முதல் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். டாம், ஜெர்ரி எல்லாம் பிறகு வந்த பெயர்கள். அந்த ஜோடி ஏழு ஆஸ்கர் வாங்கியது. டாம் அடிபட்டு அலறும் அந்தக் கர்ணகடூரமான சத்தம் ஹன்னாவின் சொந்தக் குரல்.

வினாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்று கணக்குப் போட்டால் ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். ஒரே வரைபடத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் ஐயாயிரம் வரைபடம் வேண்டும். இவ்வளவும் ஒரு வாத்து முட்டாளாவதைக் காட்ட! இந்த உழைப்பைச் சொல்லி வியப்பது வழக்கம். நான் ரசிப்பது வேறொன்றை. சிரிப்பு வருகிற இடத்தில் பெரும்பாலும் எதுவுமே அசைவதில்லை.

சக் ஜோன்ஸின் கயோட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நரி மாதிரி ஒல்லியான அந்த விலங்கு 1949-இல் இருந்து ரோட் ரன்னரைத் துரத்துகிறது. (ரோட் ரன்னர் நிஜமாகவே இருக்கும் பறவை, குயில் குடும்பம். நம் செம்போத்துக்குச் சொந்தம் என்று அதன் ஓட்டத்தைப் பார்த்தாலே நம்பத் தோன்றும்.) துரத்துகிற வேகத்தில் கயோட்டி மலை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். விழாது. நிற்கும். காலால் துழாவிப் பார்க்கும். பிறகு நம்மைப் பார்க்கும். அந்த ஒரு கணம் முகம் அப்படியே உறைந்திருக்கும். அங்கேதான் சிரிப்பு. கீழே விழுவதெல்லாம் அதற்குப் பிறகு நடக்கிற சம்பிரதாயம்.

இன்னொரு காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். கயோட்டி பாறைச் சுவரில் ஒரு சுரங்கப்பாதையைத் தத்ரூபமாக வரைந்து வைக்கும், பறவை மோதிச் சாகட்டும் என்று. பறவை அந்தச் சித்திரத்துக்குள் சர்ரென்று போய்விடும். பின்னாலேயே ஓடும் கயோட்டி மட்டும் பாறையில் மோதும். சுவரில் வரைவதற்கென்று பிறந்த சொல், ஐந்நூறு வருடம் சுற்றிவிட்டு மறுபடி சுவரில் வரைவதில் வந்து நிற்கிறது!

ஜோன்ஸே 1953-இல் எடுத்த 'டக் அமக்' இன்னும் ஒரு படி மேல். டாஃபி வாத்து நடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னணி மறைந்துபோகிறது. வெள்ளைத் தாளில் நின்றுகொண்டு வரைபவரிடம் சண்டை போடுகிறது. ரப்பர் வந்து அதை அழிக்கிறது, தூரிகை வந்து வேறு உடம்பைக் கொடுக்கிறது, சத்தம் போய்விடுகிறது. வரைகிற ஆசாமி யார் என்று கடைசியில் தெரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். அந்த ஏழு நிமிடமும் சொல்வது ஒன்றுதான்: இது காகிதம், இது கோடு, இரண்டும் சேர்ந்து ஒரு உயிர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களைப் பார்த்தால் எது பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிகிறது. இயங்குபடம் என்று சிலர் எழுதுகிறார்கள். எல்லாச் சினிமாவும் இயங்குகிற படம்தானே? அசைவூட்டம் பரவலாகிவிட்டது, பாடநூல் வாசனை கொஞ்சம் அடித்தாலும் தொழில்நுட்பத்தின் பெயராக அது நன்றாகவே நிற்கும். அனிமேஷன் என்பதன் லத்தீன் வேரான அனிமாவுக்கு மூச்சு, உயிர் என்று பொருள். அதனால் உயிரூட்டம்தான் சரியான நேர்ச்சொல் என்று வாதிடுவோரும் உண்டு. காற்றில் உறைந்து நிற்கும் கயோட்டியை நினைத்தால் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் இரண்டுமே செய்முறையைச் சொல்கின்றன. பஞ்சதந்திரக் கதையைக் கணினியில் எடுத்தாலும் அசைவூட்டம், சோப்பு விளம்பரத்தில் குமிழி சிரித்தாலும் அசைவூட்டம். பக்ஸ் பன்னிக்கென்று பெயர் வேண்டாமா?

வீடுகளில் பொம்மைப்படம் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. பேச்சில் இயல்பாக வரும் சொல், எனக்கும் பிடிக்கும். பொம்மைகளை வைத்து நிஜமாகவே எடுக்கும் படங்கள் தனி வகையாக இருப்பதால் எழுத்தில் குழப்பும். நகைப்படம் என்று ஆக்கிப் பார்க்கலாம், தி. நகர்க் கடை விளம்பரம் என்று நினைத்துவிடுவார்கள்.

நான் பரிந்துரைப்பது சித்திரப்படம். படித்தால் சித்திரக்கதை, பார்த்தால் சித்திரப்படம். சித்திரக்கதை ஏற்கெனவே காமிக்ஸுக்கு ஊன்றிவிட்டதால் இது விளக்கம் இல்லாமலே புரியும். வரைந்தது என்ற செய்தியும் உள்ளே இருக்கிறது. குடும்பச் சித்திரம், புராணச் சித்திரம் என்று அந்தக் காலச் சினிமா விளம்பரங்களில் சித்திரமே திரைப்படத்தைக் குறித்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கு மங்கிவிட்டதால் இப்போது இடைஞ்சல் இல்லை. சித்திரம் வடசொல் ஆயிற்றே என்றால், படம் மட்டும் என்ன? துணியைக் குறிக்கும் படம் என்ற வடசொல், துணியில் தீட்டிய ஓவியத்தைக் குறித்து, பிறகு எந்த ஓவியத்துக்கும் ஆகி, கடைசியில் சினிமாவுக்கே பெயரானது. அங்கே காகிதம், இங்கே துணி.

கேலியை இந்தச் சொல்லோடு ஒட்டாமல் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலக் குறும்படங்கள் சிலவற்றில் கேலி நிஜமாகவே இருந்தது; கறுப்பின மக்களை இழிவாக வரைந்த கேலி. வார்னர் தொடர்களில் அப்படிப்பட்ட பதினொரு படங்களை 1968-இல் இருந்து தொலைக்காட்சிக்குத் தராமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கேலிச்சித்திரம் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

பயன்பாடு இப்படி அமையலாம்: 'நேற்றைய நாளிதழில் வெள்ள நிவாரணம் பற்றி ஒரு கருத்துப்படம் வந்திருந்தது.' 'மாலி வரைந்த சங்கீத வித்வான்களின் கேலிச்சித்திரங்கள்.' 'அவள் அசைவூட்டம் படிக்கிறாள்.' 'சாப்பாடு ஊட்டி முடிக்கும்வரை குழந்தை பழைய சித்திரப்படம் பார்த்தது.' இந்தக் கடைசி வாக்கியத்தில் கார்ட்டூன் என்றே போட்டாலும் நான் திருத்த மாட்டேன். எலியும் பூனையுமாக இருக்கிறார்கள் என்று அண்ணன் தங்கையைச் சொன்ன ஊரிலேயே, இப்போது டாம் அண்ட் ஜெர்ரி மாதிரி என்கிறார்கள்; அதையும்தான்.