தொங்கு சட்டமன்றம்: சொல் விளக்கம்

மாநிலத் தேர்தல் பேச்சு எழுந்தாலே வானொலியிலும் நாளிதழிலும் 'தொங்கு சட்டமன்றம்' வந்துவிடுகிறது. எந்தக் கட்சிக்கும் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்காத மன்றத்துக்கு வைத்த பெயர் அது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் அந்தச் செய்தியைக் கேட்ட பெரியவர் ஒருவர், பால்மரம் வெட்டியே வயதானவர், தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சட்டமன்றத்தை மூடிவிடுவார்களா, தம்பி?"

அவர் மேல் பிழையில்லை. மலாய் ஏடுகள் 'தெர்கன்துங்' என்கின்றன. வேலையிலிருந்து ஒருவரை இடைநீக்கம் செய்வதற்கும் மலாயில் 'கன்துங்' தான். தோட்டத்தில் உழைத்தவர் காதில் அது வேறெப்படி விழும்?

மூலம், தொங்குவதைக் குறிக்கும் ஆங்கில 'ஹங்'. ஒருமித்த முடிவுக்கு வராத ஜூரியை அமெரிக்கர்கள் அப்படிச் சொன்னார்கள். 1974 பிரிட்டன் தேர்தலை ஒட்டி நாடாளுமன்றத்துக்கும் அது பரவலாயிற்று.

தமிழில் வழக்கும் தொங்குகிறதே என்பார்கள். தீர்ப்பு வராததால் வழக்கு தொங்குகிறது. இங்கே மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது. 2022 நவம்பரில் பேராக்கின் 59 இடங்களில், மூன்று கூட்டணிகளில் பெரிக்காத்தானுக்கு 26, பக்காத்தானுக்கு 24, பாரிசானுக்கு 9. ஆட்சிக்கு வேண்டிய 30 யாரிடமும் இல்லை. தராசு முள்ளாக நின்றது அந்த ஒன்பதுதான். சில நாட்களிலேயே பக்காத்தான் ஆதரவோடு பாரிசான்காரரே மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், ஆனார். இதில் மன்றம் எங்கே தொங்கியது?

'இழுபறி மன்றம்' என்று மாற்றுச் சொல் தருகிறவர்களும் உண்டு. தமிழ் மணம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழுபறி வாக்கு எண்ணும் இரவுக்கு உரியது. நூறு வாக்கு முன்னே, ஐம்பது வாக்கு பின்னே என்று போகும் தொகுதிக்கு உரியது. ஒரே சொல்லை இரண்டு நிலைக்கும் வைத்தால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்?

நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், அது சுட்டும் பொருளைப் பார்ப்பதில்லை. அமைச்சர்களைக் கண்காணிக்கும் எதிர்க்கட்சிக் குழுவுக்கு வைத்த 'நிழல் அமைச்சரவை'யும் அப்படி வந்ததுதான். 'கட்சித் தாவல்' என்பதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. தாவு என்றதும் கிளை விட்டுக் கிளை பாய்வது கண்ணில் தெரிகிறது.

'அறுதிப் பெரும்பான்மை அமையாத சட்டமன்றம்' என்பதே சரி. அறு என்பதிலிருந்து வந்த அறுதி, முடிவானது என்று பொருள்படும். "யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று அர்த்தம், ஐயா" என்றேன் அந்தப் பெரியவரிடம். "அப்படியானால் கூட்டுச் சேர்ந்தாக வேண்டும்" என்றார் உடனே. நீளம் என்று செய்தி ஆசிரியர்கள் தயங்கினால், தலைப்பில் 'யாருக்கும் பெரும்பான்மை இல்லை' என்றே போடட்டும்.