மைதானத்தில் ஒருவர் சரிந்தால்: லூட்டன் டவுன் அணியின் பருவம் கற்றுத்தந்தது

இங்கிலாந்தின் லூட்டன் டவுன் கால்பந்து அணி 1992-இல், அன்றைய உச்ச லீகான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அதன் பிறகு அந்த அணி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2008-09 பருவத்தில் அதன் கணக்கிலிருந்து 30 புள்ளிகள் ஒரேயடியாகக் கழிக்கப்பட்டன. நான்கு டிவிஷன்கள் கொண்ட லீக் அமைப்பை விட்டே வெளியேறி, ஐந்து பருவங்கள் கீழ்மட்டத்தில் ஆடியது. 2014-இல் மீண்டும் உள்ளே வந்து, ஒவ்வொரு படியாக ஏறி, 2023 மே 27 அன்று வெம்ப்ளி மைதானத்தில் கோவென்ட்ரி சிட்டியைப் பெனால்டியில் 6-5 என்று வென்று, இன்றைய உச்ச லீகான பிரீமியர் லீகுக்குள் நுழைந்தது. தெருவோர வீடுகளின் வரிசைக்கு நடுவே வெளியூர் ரசிகர்களுக்கு வாசல் வைத்திருக்கும் சின்னஞ்சிறு மைதானம் அவர்களுடையது. 31 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023-24 பருவத்தில், உச்ச லீக் ஆட்டங்கள் அங்கே நடந்தன.

நான் இதய மருத்துவன், கால்பந்து ரசிகனும்கூட. அந்தப் பருவத்தின் கோல்களை எல்லோரும் பேசிவிட்டார்கள். அந்த அணியின் தலைவர் டாம் லாக்யருக்கு நேர்ந்ததைத்தான் நான் என் நோயாளிகளிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம், அப்படிச் சரிகிற ஆட்டக்காரர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எங்களிடம் வந்து சேரும்போது நேரம் கடந்துவிட்டிருக்கிறது.

லாக்யர் வேல்ஸ் நாட்டுத் தடுப்பாட்டக்காரர். வெம்ப்ளியில் நடந்த அந்த இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அணி மேலே ஏறியதை அங்கிருந்துதான் பார்த்தார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு அவருக்கு இருப்பது தெரியவந்தது. சிகிச்சை முடிந்து, மருத்துவர்கள் அனுமதித்த பிறகு மீண்டும் ஆட வந்தார். செப்டம்பர் 30 அன்று எவர்ட்டன் மைதானத்தில் லூட்டன் தன் முதல் பிரீமியர் லீக் வெற்றியைப் பெற்றபோது, 2-1 என்ற அந்தக் கணக்கில் ஒரு கோல் இவர் போட்டது.

டிசம்பர் 16. பார்ன்மத் ஊரில் ஆட்டம். கணக்கு 1-1. 59-ஆவது நிமிடத்தில் நடுக்கோட்டருகே லாக்யர் கீழே விழுந்தார். யாரும் மோதவில்லை, பந்தும் படவில்லை. இந்த முறை இதயம் துடிப்பதையே நிறுத்திவிட்டது. பயிற்சியாளர் ராப் எட்வர்ட்ஸ் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். மருத்துவக் குழு சில நொடிகளில் அவரைச் சூழ்ந்துகொண்டது. இரண்டரை நிமிடங்களுக்கு மேல் அவருடைய இதயம் இயங்கவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோகும்போது அவர் நினைவோடு இருந்தார். ஆட்டம் கைவிடப்பட்டது.

இதைப் பலர் அதிசயம் என்றார்கள். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. யார் ஓட வேண்டும், யார் மார்பை அழுத்த வேண்டும், கருவி எங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் பின்னால் பழைய இழப்புகள் இருக்கின்றன. 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். 2012 மார்ச்சில் லண்டனில் போல்ட்டன் வீரர் ஃபப்ரீஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடங்கள் இயங்கவில்லை. விடாமல் மார்பை அழுத்தியும் பலமுறை மின் அதிர்ச்சி கொடுத்தும் அவரைக் காப்பாற்றினார்கள். பார்வையாளர் கூட்டத்திலிருந்து இறங்கிவந்து உதவியவர்களில் ஓர் இதய மருத்துவரும் இருந்தார்.

நமக்கும் இது அந்நியமில்லை. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலைப் போட்ட அதே நொடியில் எதிரணி கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். எழவே இல்லை.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை டர்ஃப் என்னும் செயற்கைப் புல் மைதானத்தில் ஆடப் போனவரை நண்பர்கள் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுவருவார்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வலிப்பு வந்துவிட்டது டாக்டர்." கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தியிருப்பார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். ஒருவர் பல்லை நெம்பி நாக்கை இழுக்கப் பார்த்திருப்பார். எல்லாம் அன்பினால் செய்ததுதான், பதறிய மனத்தோடு செய்ததுதான். ஆனால் அந்த மூன்று நான்கு நிமிடங்கள்தான் அவருடைய மூளைக்கு மிச்சமிருந்த நேரம்.

இதயம் நின்றவுடன் உடல் சிலருக்கு வெட்டி வெட்டி இழுக்கும். கண்கள் திறந்தே இருக்கும். கரையில் எடுத்துப் போட்ட மீன்போல வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை மாதிரி ஓர் ஓசையும் வரும். பார்ப்பவர்கள் "மூச்சு இருக்கிறது" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அது மூச்சே இல்லை, நின்றுபோகும் உடலின் கடைசி அனிச்சைச் செயல். ஓடிக்கொண்டிருந்த ஒருவர் யாரும் இடிக்காமல் விழுந்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லாமல், மூச்சும் சீராக இல்லையென்றால், இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி பார்க்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். பதற்றத்தில் நாடி பார்ப்பது மருத்துவர்களுக்கே தவறும்.

ஒருவர் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போடட்டும். இன்னொருவர் உடனே மார்பை அழுத்தத் தொடங்கட்டும். மார்பின் நடுவில், நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில், ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல் உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஆறைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பும். இரண்டே நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், ஆகவே ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாதவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையில்லை. "விலா எலும்பு உடைந்துவிடாதா டாக்டர்?" என்று பயிற்சி வகுப்புகளில் கட்டாயம் ஒருவர் கேட்பார். உடையலாம். உடைந்த விலா சில வாரங்களில் கூடிவிடும்.

அழுத்துவது ரத்த ஓட்டத்தைக் கொஞ்சமாவது தக்கவைக்கும். நின்ற இதயத்தைப் பழைய தாளத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் மின் அதிர்ச்சிதான். அதற்கான கருவியை ஏ.இ.டி. என்கிறோம். திறந்தால் குரலே வழி சொல்லும். வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம் ஒட்டினால், அதிர்ச்சி தேவையா இல்லையா என்பதைக் கருவியே கண்டறியும். தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது என்பதால் அச்சப்பட ஒன்றுமில்லை. எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழு முதல் பத்து சதவீதம் வரை குறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாலையிலும்கூட ஆம்புலன்ஸ் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகத்தான் செய்யும்.

2021-இல் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் சரிந்ததைத் தொடர்ந்து, சிறிய மைதானங்களுக்கு 2,000-க்கும் மேற்பட்ட கருவிகளை வழங்க பிரீமியர் லீக் நிதி ஒதுக்கியது. நம்மூரில் டர்ஃப் நடத்துபவர்கள் விளக்குக்கும் வலைக்கும் செயற்கைப் புல்லுக்கும் பல லட்சம் செலவிடுகிறார்கள். ஒரு கருவி ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். நான்கைந்து டர்ஃப்கள் இருக்கும் ஒரு பகுதியில் உரிமையாளர்கள் சேர்ந்து வாங்கினால்கூடப் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கருவி மூன்று நிமிடத்துக்குள் கைக்கு வராது. ஆட்டம் நடக்கும் இடத்திலேயே, பூட்டாத பெட்டியில் இருக்க வேண்டும்.

எதனால் இப்படி நின்றுவிடுகிறது? 35 வயதுக்குட்பட்டவர்களிடம் பெரும்பாலும் பிறவிக் கோளாறுகளும் பரம்பரைக் கோளாறுகளும்: இதயத் தசை தடித்திருப்பது, ரத்தக் குழாய் தவறான இடத்தில் கிளம்புவது, இதயத்தின் மின்னோட்டத்தில் பிறழ்வு. வைரஸ் காய்ச்சலோடு ஆடப் போவதும் ஆபத்து, சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சி இருக்கும். 35-ஐத் தாண்டியவர்களுக்கு முக்கியக் காரணம் ரத்தக் குழாய் அடைப்புதான். நான் அதிகம் பார்ப்பது இவர்களைத்தான். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை, சர்க்கரை நோய், சிகரெட், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் மூச்சு முட்ட ஓட்டம். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டு மறுபாதிக்கு இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இறங்காதீர்கள். தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோடு சோடாக் கடைக்குப் போகாதீர்கள், ஈ.சி.ஜி. எடுக்க வாருங்கள்.

முன்கூட்டியே பரிசோதித்தால் தப்பிக்கலாம்தானே என்று பெற்றோர் கேட்கிறார்கள். பரிசோதனை அவசியம், ஆனால் அதை உத்தரவாதச் சீட்டாக நினைக்கக் கூடாது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் ஆட்டக்காரர்களை ஈ.சி.ஜி.யும், இதயத்தின் ஸ்கேனான எக்கோவும் எடுத்துப் பரிசோதித்தது. 42 பேருக்குத் திடீர் மரணத்தில் கொண்டுபோய் விடக்கூடிய கோளாறு தெரிந்தது. அத்தனை பேருக்கும் அது நேரத்தில் கிடைத்த எச்சரிக்கை. ஆனால் பின்னாளில் இதயக் கோளாறால் இறந்த எட்டுப் பேரில் ஆறு பேரின் பரிசோதனை முடிவு இயல்பாகவே இருந்தது. எத்தனையோ மருத்துவர்கள் பார்த்து அனுப்பிய லாக்யரும் ஏழு மாத இடைவெளியில் இரண்டு முறை விழுந்தார். ஆகவே பரிசோதனையும் வேண்டும், மைதானத்தில் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஆட்களும் வேண்டும்.

லாக்யருக்கு சில நாட்களில் ஐ.சி.டி. என்ற சிறு கருவியை மார்பில் பொருத்தினார்கள். தாளம் கெட்டால் அதுவே உள்ளிருந்து அதிர்ச்சி கொடுக்கும். அந்த வாரமே லூட்டன் ஆட்டக்காரர்கள் அவருடைய பெயர் எழுதிய சட்டையில் பயிற்சி செய்துவிட்டு இறங்கி, நியூகாசிலை 1-0 என்று வென்றார்கள். கைவிடப்பட்ட ஆட்டம் மார்ச் 13 அன்று முதலிலிருந்து ஆடப்பட்டது. 3-0 என்று முன்னிலையில் இருந்த லூட்டன் 4-3 என்று தோற்றது. பருவம் முடிந்தபோது 26 புள்ளிகள், 18-ஆவது இடம், மீண்டும் கீழே.

ஐ.சி.டி. வைத்தவர்கள் மீண்டும் ஆடலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தக் கருவியோடு இத்தாலிய லீகில் ஆட அனுமதி இல்லாததால் எரிக்சன் இன்டர் மிலானை விட்டு விலக நேர்ந்தது. 2022 பிப்ரவரியில் அவர் பிரென்ட்ஃபோர்டுக்காக இங்கிலாந்தில் இறங்கினார். என் நோயாளிகளுக்கு நான் பொதுவிதி எதுவும் சொல்வதில்லை. காரணம் என்ன, எவ்வளவு ஆபத்து, எந்த விளையாட்டு என்று உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறோம்.

ஓடும்போது மயங்கி விழுந்தவர்கள், ஒருமுறைதான் என்றாலும், விசாரிக்காமல் மறுபடி மைதானத்துக்குப் போகக் கூடாது. வெயில், சாப்பிடாதது என்று காரணம் சொல்லித் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலோ, நன்றாக நீந்தத் தெரிந்தவர் காரணமில்லாமல் மூழ்கியிருந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பரம்பரைக் கோளாறு உறுதியானவர் வரும்போது பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொல்கிறேன். ஒரு தொந்தரவும் இல்லாத தம்பியின் ஈ.சி.ஜி.யில்தான் சில சமயம் அண்ணனைவிடப் பெரிய கோளாறு தெரிகிறது.