ஜெய்சல்மேர் போனால் கல்லை எடுத்து வராதீர்கள்

புவியியலாளன் என்று தெரிந்ததும், ராஜஸ்தான் சுற்றுலா போய் வந்தவர்கள் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டுவார்கள். "சார், இது எத்தனை வருஷம் பழசு?" சிப்பி பதிந்த சுண்ணாம்புக் கல். எங்கே கிடைத்தது என்று கேட்டால், "ஜெய்சல்மேர் பக்கம், பாலைவனத்துல" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது, என்னாலும் சொல்ல முடியாது. எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும் இடம் அது.

சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், இன்றைய ஜெய்சல்மேர் பகுதி ஆழம் குறைந்த கடல். ஊரின் பெயர்பெற்ற மஞ்சள் கல் அந்தக் கடலடியில் படிந்ததுதான். கடல் ஏறியும் வடிந்தும் அடுக்கடுக்காகப் படிந்த பாறையில் சிப்பிகளும் பவளங்களும் அம்மோனைட்டுகளும் இருக்கின்றன. அம்மோனைட் கணவாய்க்கு உறவான, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த பிராணி. வெட்டுப்பட்ட ஓட்டை உற்றுப் பாருங்கள்: சுருளின் உள்ளே குறுக்குச் சுவர்கள் தெரியும். கடைசி அறையில்தான் உடல் இருந்தது. மற்ற அறைகளில் நிரம்பிய வாயு அது மிதக்க உதவியது.

அம்மோனைட் என்றால் இனத்தை வைத்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். சிப்பித் துண்டோ பல்லோ என்றால், எந்த அடுக்கு என்று தெரியாமல் பெரிதாக எதுவும் சொல்வதற்கில்லை. 2021இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமும் (ஜி.எஸ்.ஐ.) ஐ.ஐ.டி. ரூர்க்கியும் சேர்ந்து, ஸ்ட்ரோபோடஸ் ஜெய்சல்மேரென்சிஸ் என்ற புதிய சுறா இனத்தை அறிவித்தன. சுறாவின் குருத்தெலும்பு எளிதில் புதைபடிவமாகாது, கிடைத்தவை பற்கள்தான். ஓடுகளை நொறுக்கித் தின்பதற்கேற்ற தட்டையான பற்கள். சாதாரணக் கண்ணுக்கு அவை வெறும் கூழாங்கல். யாராவது பொறுக்கிக்கொண்டு போயிருந்தால், ஸ்ட்ரோபோடஸ் பேரினத்தில் ஜப்பான், தாய்லாந்துக்கு அடுத்து ஆசியாவில் மூன்றாவதாகப் பதிவான இந்தச் சுறா நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எனவே புதைபடிவம் கண்ணில் பட்டால் சுத்தியல், உளி எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, சுற்றியுள்ள பாறை அடுக்கு தெரியும்படி இன்னொன்று. அந்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எலும்பு, பல் மாதிரி தெரிந்தால் ஜெய்ப்பூரில் உள்ள ஜி.எஸ்.ஐ.யின் மேற்கு மண்டல அலுவலகத்துக்கோ, பக்கத்துப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ படங்களை அனுப்புங்கள்.