நிற்கும் மோட்டார் ஏன் அவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கும் தூண்டல் மோட்டார், ஸ்விட்சைப் போட்ட கணத்தில் 60, 70 ஆம்பியர் வரை இழுக்கும். பாரத்தை நகர்த்தத்தான் இவ்வளவும் என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. பம்பைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டினாலும் முதல் கணத்தில் அதே கரண்ட்தான். பாரம் இருந்தால் அது அடங்க நேரமாகும், அவ்வளவே.

காரணம், ரோட்டார் (மோட்டாரின் சுழலும் உள்பகுதி) நிற்பது. அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரின் காயிலில் மின்சாரம் பாய்ந்ததுமே காந்தப்புலம் முழு வேகத்தில் சுழலும்; 50 ஹெர்ட்ஸில் இயங்கும் நான்கு துருவ மோட்டாரில் நிமிடத்துக்கு 1500 சுற்று. அசையாமல் கிடக்கும் ரோட்டார் கம்பிகளை அது அந்த வேகத்தில் வெட்டிச் செல்வதால், அவற்றில் தூண்டப்படும் மின்னழுத்தம் அப்போதுதான் உச்சம். கம்பிகளின் முனைகளையோ வளையம் போட்டு ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். செகண்டரியை (வெளியீட்டுக் காயிலை) ஷார்ட் செய்த டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிதான் இது. ரோட்டார் 1450 சுற்றை எட்டிவிட்டால் வித்தியாசம் 50 சுற்றுதான். தூண்டப்படும் அழுத்தம் முப்பதில் ஒரு பங்காகிவிடும், கரண்டும் தானாக இறங்கும்.

அதுவரை என்ன நடக்கும்? கரண்ட் ஆறு மடங்கானால் காயிலில் வெப்பம் 36 மடங்கு. லைனில் வோல்டேஜ் சரிந்து பக்கத்து விளக்குகள் மங்கும். சிறிய மோட்டாருக்கு இது பொருட்டில்லை, நேராகவே இணைக்கலாம். (அதற்குப் போடும் டிஓஎல், அதாவது நேரடி இணைப்பு ஸ்டார்ட்டர், கரண்டைக் குறைப்பதில்லை, ஓவர்லோடிலிருந்து காக்கும், கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானே ஓடாமல் பார்த்துக்கொள்ளும்.)

பெரிய மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா: காயில்களை முதலில் ஸ்டார் முறையில் இணைத்து, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்ட்டர். ஸ்டாரில் இருக்கும்வரை ஒவ்வொரு காயிலுக்கும் 415-க்குப் பதில் 240 வோல்ட்தான் கிடைக்கும். லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். சிக்கல் என்னவென்றால், திருப்புவிசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பாரத்தோடு கிளம்ப வேண்டிய கன்வேயர் அசையாமல் உறுமிக்கொண்டே நிற்கலாம்.

ரோட்டார் காயிலை வளையங்கள் வழியே வெளிச்சுற்றோடு இணைக்க முடிகிற ஸ்லிப்-ரிங் மோட்டாரில் இந்தத் தொல்லை இல்லை. ரோட்டாரோடு வெளியிலிருந்து மின்தடையைச் சேர்த்தால் கரண்ட் குறையும், தொடக்கத் திருப்புவிசையோ கூடும். முரணாகத் தெரிந்தாலும் உண்மை. நிற்கும் ரோட்டாரில் கரண்ட் மின்னழுத்தத்துக்கு வெகுவாகப் பின்தங்குவதால், அதில் பெரும்பகுதி விசை தராமல் வீணாகிறது. மின்தடை அந்தப் பின்னடைவைக் குறைக்கிறது.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையே மாற்றும் விஎஃப்டி கருவி பிரச்சினையின் வேரிலேயே கைவைக்கிறது. இரண்டு, மூன்று ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏற்றுவதால் காந்தப்புலமே நிதானமாகத்தான் கிளம்பும். ரோட்டார் அதைவிட்டு வெகுதூரம் பின்தங்குவதே இல்லை.