'டைட்டில் ஒன்' என்பது தலைப்பு அல்ல

"எங்கள் நடுத்தரப் பள்ளி ஒரு தலைப்பு 1 பள்ளி. தலைப்பு 1 கூட்டாட்சி நிதியுதவியுடன் கல்விசார் தலையீடுகள் வழங்கப்படுகின்றன." அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து தமிழ்ப் பெற்றோருக்கு வரும் அறிவிப்புகளில் இந்த மாதிரி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் நொந்துவிட்டது. எழுத்து தமிழ்தான். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாயோ தாத்தாவோ இதை வாசித்தால் ஒரு விஷயமும் பிடிபடாது. என்ன தலைப்பு? யார் எதில் தலையிடுகிறார்கள்? பள்ளி ஏன் நடுத்தரம்? ஆங்கிலத்தில் 'டைட்டில் ஒன்' (Title I) என்று இருப்பதைத்தான் 'தலைப்பு 1' ஆக்கியிருக்கிறார்கள்.

முதலில் பொருள். 1965 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தாம் சிறுவயதில் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தின் அருகே, தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். வறுமைக்கு எதிராக அவர் அறிவித்த போரின் ஒரு பங்கு அது. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கும் இடங்களுக்கு, அவர்கள் படிப்பில் பின்தங்கிவிடாமல் இருக்க வாஷிங்டனிலிருந்து கூடுதல் பணம் தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முதல் பெரும் பகுப்பு. சட்டத்தை எழுதியவர்கள் பகுப்புகளுக்கு டைட்டில் ஒன், டைட்டில் டூ என்று வரிசை எண் போட்டார்கள். பணத்துக்கும் திட்டத்துக்கும் பள்ளிக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

இனி வேர். இலத்தீனில் 'டிட்டுலுஸ்' என்றால் பெயர்ப்பலகை, மேலே எழுதி மாட்டிய வாசகம். அதிலிருந்து நூலின் பெயர், பட்டப்பெயர், சொத்துக்கான உரிமை என்று பொருள்கள் கிளைத்தன. சட்ட நூலின் உட்பகுப்பு என்ற பொருளும் பழையதுதான். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத்திலேயே நூல்களை டிட்டுலுஸ்களாகத்தான் பிரித்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பொருள் மட்டுமே.

'தலைப்பு' இங்கேதான் சறுக்குகிறது. கட்டுரைத் தலைப்பு, பட்டிமன்றத் தலைப்பு, புடவைத் தலைப்பு என்று எதை எடுத்தாலும் தமிழில் தலைப்பு என்பது ஒன்றின் உச்சியிலோ ஓரத்திலோ இருப்பது. உள்ளே இருக்கும் சரக்குக்கு அந்தப் பெயர் இல்லை. சட்டத்தின் டைட்டில் என்பதோ உள்ளே இருக்கும் சரக்கே. பல பக்கங்கள், பல பிரிவுகள், நிதிக் கணக்கு, நிபந்தனை எல்லாம் அடங்கிய முழுப் பகுப்பு அது. அதன் உச்சியில் தனியாக ஒரு தலைப்பும் உண்டு. ஆகவே 'தலைப்பு 1' என்று எழுதுகிறவர் 'தலைப்பு 1-இன் தலைப்பு' என்று எழுதவும் தயாராக இருக்க வேண்டும்.

'தலைப்பு'க்கு ஆதரவாக மூன்று வாதங்கள் காதில் விழுகின்றன. முதலாவது, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் 'கணக்குத் தலைப்பு' என்று இருக்கிறதே, நிதி சம்பந்தப்பட்டதுதானே, இங்கேயும் பொருந்தாதா என்பது. பொருந்தாது. கணக்குத் தலைப்பு என்பது ஒரு செலவை எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று காட்டும் குறியீடு. அதைப் பழகியவர் 'தலைப்பு 1 நிதி' என்று வாசித்தால், பள்ளி தன் வரவு செலவை ஏதோ முதல் கணக்கில் எழுதுகிறது என்றே நினைப்பார். தெரியாதவருக்குக் குழப்பம், தெரிந்தவருக்கு அதைவிடப் பெரிய குழப்பம்.

இரண்டாவது, அகராதியில் அப்படித்தான் இருக்கிறது என்பது. அகராதி ஒரு சொல்லுக்குப் பல பொருள்களை வரிசையாகத் தரும். முதலில் இருப்பதை எடுத்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

மூன்றாவது வாதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 'தலைப்பு' பல அறிவிப்புகளில் ஏறிவிட்டது, இப்போது மாற்றினால் பெற்றோர் குழம்புவார்கள் என்கிறார்கள். பெற்றோர் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தால் இந்த வாதத்தில் நியாயம் இருக்கும். ஆனால் அவர்கள் பேசும்போது சொல்வது 'டைட்டில் ஒன்' என்றுதான். பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்வதும், பள்ளி அலுவலகத்தில் கேட்பதும் அதுவே. தலைப்பு 1 என்பது தாளில் மட்டும் வாழ்கிறது. யார் வாயிலும் ஏறாத சொல்லைக் கைவிட்டால் எவருக்கும் நஷ்டமில்லை.

டைட்டில் என்பது பகுப்பின் பெயர்தான் என்பதற்கு இந்தச் சட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1981-இல் ரீகன் காலத்தில் சட்டத்தை மாற்றி எழுதியபோது இதே நிதிக்கு 'சாப்டர் ஒன்' என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் கிளிண்டன் காலத்தில் மறுபடியும் 'டைட்டில் ஒன்' ஆக்கினார்கள். 2002-இல் புஷ் காலத்திலும் 2015-இல் ஒபாமா காலத்திலும் சட்டத்துக்குப் புதுப் பெயர்கள் வந்தன. டைட்டில் ஒன் மட்டும் அப்படியே நின்றது. சாப்டர் என்றாலும் டைட்டில் என்றாலும் குறித்தது ஒரே பகுப்பைத்தான். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் யாராவது தமிழில் எழுதியிருந்தால் 'தலைப்பு' என்று எழுதத் தோன்றியே இருக்காது.

நூல் பகுப்புக்குத் தமிழில் சொல் பஞ்சமா? தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், இயலுக்குள் நூற்பாக்கள். திருக்குறளில் பால், அதற்குள் இயல், அதற்குள் அதிகாரம். கம்பனிடம் காண்டமும் படலமும். கவனித்தால் தெரியும்: தொல்காப்பியத்தில் அதிகாரத்துக்குள் இயல் அடங்குகிறது, குறளில் இயலுக்குள் அதிகாரம் அடங்குகிறது. பகுப்பின் பெயர் நூலுக்கு நூல் இடம் மாறும். அமெரிக்கச் சட்டத்தில் டைட்டிலும் சாப்டரும் மாறிக்கொண்டது போலத்தான் இதுவும். இத்தனை வளம் கையில் இருக்கும்போது 'தலைப்பு' என்ற பொருந்தாத சொல்லைப் பிடித்துத் தொங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இவற்றுள் எது? 'அதிகாரம்' அளவில் பொருந்தும், ஆனால் இன்று அதைக் கேட்டால் ஆட்சி அதிகாரம்தான் நினைவுக்கு வரும். 'பகுதி' வேண்டாம், டைட்டிலுக்குள் வரும் உட்பகுப்புக்கு அது தேவைப்படுகிறது. 'பிரிவு' என்பதைச் செய்தித்தாள்கள் சட்டப் பிரிவுக்கு வைத்துவிட்டன, அது சரியும்கூட. 'அத்தியாயம்' தொடர்கதைக்குப் போய்விட்டது, தூய தமிழும் அல்ல. மிஞ்சுவது 'இயல்'. தமிழ்நாட்டுத் தமிழ்ப் பாடநூலைப் புரட்டிய எவருக்கும் இயல் ஒன்று, இயல் இரண்டு என்பது பழக்கம். 'கல்விச் சட்டத்தின் முதல் இயல், அ பகுதி, 1116ஆம் பிரிவு' என்றால் சட்டத்தின் அடுக்கு அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

'முதல் உரிமைப் பள்ளி' என்று ஒரு தமிழாக்கமும் உலவுகிறது. வீட்டுப் பத்திரத்தில் 'டைட்டில் கிளியராக இருக்கிறதா' என்று கேட்கிறோமே, அந்தப் பொருளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தலைப்பை விட இது ஆபத்தானது. வாசிக்கிற பெற்றோர், தம் பிள்ளைக்கு ஏதோ முதல் உரிமை கிடைத்துவிட்டது என்று நம்பிவிடுவார்கள். நடைமுறை அப்படி இல்லை. பள்ளியில் 40 விழுக்காடு பிள்ளைகளாவது ஏழைக் குடும்பத்தினர் என்றால், அந்த நிதியைப் பள்ளி முழுவதையும் மேம்படுத்தச் செலவிடலாம், எல்லாப் பிள்ளைகளும் பயன்பெறலாம். முழுப் பள்ளித் திட்டம் இல்லாத இடங்களில், படிப்பில் உதவி மிகவும் தேவைப்படும் பிள்ளைகளைப் பள்ளி தேர்ந்தெடுக்கும். தேர்வு பிள்ளையின் படிப்பைப் பார்த்து நடக்கிறது, அப்பாவின் சம்பளத்தைப் பார்த்து அல்ல. "நாங்கள் ஏழை இல்லையே, எங்களுக்கு எதற்கு இந்தக் கடிதம்" என்று தாளை ஒதுக்கிவைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பணம் பள்ளிக்கு வருவதற்கு வறுமை காரணம். உதவி பிள்ளைக்குக் கிடைப்பதற்குப் படிப்பு காரணம்.

சட்டத்தைப் பற்றி எழுதும்போது இயல் சரி. ஆனால் பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் 'முதல் இயல்' என்று மட்டும் எழுதிவிட்டால், அவர்கள் அலுவலகத்தில் போய் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. எனவே தமிழ் எழுத்தில் 'டைட்டில் ஒன்' என்றே இருக்கட்டும், பக்கத்தில் அது என்ன என்பதற்கு ஒரு நல்ல தமிழ்த்தொடர் இருக்கட்டும். என் முடிவு: 'டைட்டில் ஒன் கற்றல் உதவி'. பெயர்ச்சொல்லைப் பெயராகவே விட்டு, வேலையைத் தமிழில் சொல்வதால் தூய்மைக்குக் குறை வராது. பொருந்தாத தமிழ்ச்சொல்தான் தமிழுக்குக் கேடு.

அப்புறம் மற்ற சொற்கள். 'தலையீடு' என்றால் நமக்கு அரசியல் தலையீடு, காவல்துறைத் தலையீடு. "உங்கள் மகளுக்குக் கணிதத் தலையீடு அளிக்கப்படும்" என்ற வரியை வாசித்த ஒரு பாட்டி, பேத்தி பள்ளியில் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று பதறினார். அங்கே நடக்கப்போவதோ நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் பின்னக் கணக்கை மறுபடி சொல்லிக்கொடுப்பது. 'கூடுதல் கற்பித்தல்' என்றால் வேலை முடிந்தது. 'ஆபத்தில் உள்ள மாணவர்கள்' என்று வருவதும் இதே ரகம். தேர்ச்சி பெறாமல் போகக்கூடிய மாணவர்கள் என்பதே பொருள், உயிருக்கு ஒன்றுமில்லை.

'நடுத்தரப் பள்ளி' என்பதற்கு மன்னிப்பே கிடையாது. நடுத்தரம் என்றால் தரத்தில் நடுவானது, வசதியில் நடுவானது. 'நடுநிலைப் பள்ளி' என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பெயர்ப்பலகையே இருக்கிறது. அங்கே ஒன்று முதல் எட்டு, அமெரிக்காவில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு. வகுப்புகள் சற்று வேறுபட்டாலும் எட்டாம் வகுப்பில் முடியும் பள்ளிக்கு நம்மிடம் இருக்கும் பெயர் அதுதான். 'கூட்டாட்சி' என்பது ஆட்சி முறையின் பெயர், பணம் தருவது அரசு. மலேசியத் தமிழர்கள் 'கூட்டரசு' என்று அழகாகப் புழங்குகிறார்கள், கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசம் என்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்?

எல்லாவற்றையும் விட என்னை வாட்டுவது 'பள்ளி-பெற்றோர் கச்சிதம்'. டைட்டில் ஒன் நிதி பெறும் பள்ளி, பெற்றோரோடு சேர்ந்து ஓர் உடன்பாடு எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளையின் படிப்புக்காகப் பள்ளி என்ன செய்யும், பெற்றோர் என்ன செய்வார்கள், பிள்ளை என்ன செய்யும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த உடன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'காம்பாக்ட்' என்ற சொல்லுக்கு 'கச்சிதமான' என்றும் ஒரு பொருள் உண்டு. மொழிபெயர்ப்பு எந்திரம் அதைப் பிடித்துக்கொண்டது, ஒரு தமிழரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்குப் போயிற்று. கையெழுத்துப் போடச் சொல்லும் தாளின் மேல் 'கச்சிதம்' என்று இருந்தால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று யாருக்குத் தெரியும்? 'உடன்பாடு' என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது.

எந்திரத்தை நான் குறை சொல்லவில்லை, அதன் பின்னால் ஒரு கண் இல்லாததைத்தான் சொல்கிறேன். கூடியமட்டும் பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்பதே சட்டத்தின் வாசகம். புரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை, தமிழ் எழுத்தில் இருப்பதோடு அது நிறைவேறிவிடாது. இதே கடிதங்களில்தான் பெற்றோரின் உரிமைகளும் இருக்கின்றன. பிள்ளையின் ஆசிரியருக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். மாநிலத் தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர் தொடர்ந்து 4 வாரமோ அதற்கு மேலோ பாடம் எடுத்தால் பள்ளியே தகவல் தர வேண்டும். இதெல்லாம் தலைப்புக்கும் தலையீட்டுக்கும் நடுவே புதைந்து கிடக்கிறது.

அந்த முதல் வரிகளை நான் இப்படி எழுதுவேன்: "எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு அமெரிக்கக் கூட்டரசின் 'டைட்டில் ஒன்' நிதி கிடைக்கிறது. 1965ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் முதல் இயல் இதற்கு வழிசெய்கிறது. இந்த நிதியைக் கொண்டு, கணக்கிலும் வாசிப்பிலும் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நீங்கள் பணம் எதுவும் கட்ட வேண்டாம்."

இந்த நிதி பெறும் பள்ளிகள் ஆண்டுதோறும் பெற்றோர் கூட்டம் ஒன்று நடத்தி, திட்டத்தை விளக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும் தமிழ்ப் பெற்றோர் தமக்கு வந்த தாளைக் கையோடு எடுத்துப் போகலாம். புரியாத சொற்களை அடிக்கோடிட்டு, பக்கத்திலேயே சரியான சொல்லை எழுதிக் கொடுக்கலாம். பள்ளித் தலைமையாசிரியருக்குத் தமிழ் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியவரும்.