மின்பொறி பாடும் விதம்: பியோர்க்கின் ‘பயோஃபிலியா’வும் அதன் கருவிகளும்

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2011 அக்டோபரில் வெளியிட்ட ‘பயோஃபிலியா’ ஆல்பத்தில் ‘தண்டர்போல்ட்’ என்றொரு பாடல் உண்டு. அதில் குரலுக்கும் ஆர்கனுக்கும் அடியில், கரகரப்பும் கூர்மையும் கலந்த தாழ்ந்த ஒலி ஒன்று ஸ்வரம் ஸ்வரமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முதல்முறை கேட்பவர்கள் அதைப் பழைய சிந்தசைஸரின் ஒலி என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது டெஸ்லா சுருளிலிருந்து பாயும் மின்பொறிகளின் ஒலி. அங்கே இசைக்கருவியாக இருப்பது காற்று.

பெண்கள் சேர்ந்து பாடும் குழுப்பாடல், தேவாலய ஆர்கன், ஹார்ப், எலக்ட்ரானிக் தாளம் எல்லாம் ஒரே ஆல்பத்தில் கலந்து வருவதை விமர்சகர்கள் வெகுவாகப் பாராட்டினார்கள். அந்தக் கலவையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. என்னை ஈர்ப்பது வேறொன்று. மின்னலையும் புவியீர்ப்பையும் பற்றிப் பாட்டு எழுதுவது எளிது. அந்த நிகழ்வுகளையே ஒலியெழுப்ப வைத்து, அவற்றின் இயற்பியல் எதை அனுமதிக்கிறதோ அதற்கேற்பப் பாட்டை வடிவமைப்பது அரிது. ‘பயோஃபிலியா’ இந்த அரிய வழியை எடுத்துக்கொண்டது. கருவிகள் இயங்கும் முறையைத் தெரிந்துகொண்டால், பாடல்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதும் விளங்கிவிடும்.

டெஸ்லா சுருளை நிகோலா டெஸ்லா 1891-இல் உருவாக்கினார். அதில் இரண்டு சுருள்கள் உள்ளன. கீழே, தடித்த கம்பியால் சில சுற்றுகள் மட்டுமே கொண்ட முதன்மைச் சுருள்; அதன் நடுவே உயர்ந்து நிற்கும் குழாயின்மேல், மெல்லிய கம்பியால் நெருக்கமாகச் சுற்றப்பட்ட, ஆயிரம் சுற்றுகள் வரை போகக்கூடிய துணைச் சுருள். துணைச் சுருளின் உச்சியில் வளைய வடிவ உலோக முனை ஒன்று இருக்கும். முதன்மைச் சுருளோடு ஒரு மின்தேக்கியும், துணைச் சுருளோடு உச்சியிலுள்ள உலோக முனையும் சேர்ந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயல்பான அதிர்வெண்ணைப் பெறுகின்றன. இரண்டின் அதிர்வெண்களும் பொருந்தும்படி கருவி அமைக்கப்படுகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் லேசாகத் தள்ளினாலே அது உயர உயரப் போவதைப்போல, முதன்மைச் சுருளின் ஒவ்வொரு அலைவும் துணைச் சுருளில் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறது. ஒத்ததிர்வு எனப்படும் இந்த நிகழ்வால் உச்சியிலுள்ள உலோக முனையின் மின்னழுத்தம் சில லட்சம் வோல்ட் வரை எட்டிவிடும்.

சாதாரணமாகக் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்புலம் சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட்டைத் தாண்டும்போது, காற்றிலுள்ள ஒருசில கட்டற்ற எலெக்ட்ரான்கள் வேகமெடுத்து மூலக்கூறுகளில் மோதி, மேலும் பல எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அவையும் மோதுகின்றன. கண நேரத்தில் அந்தப் பாதை முழுவதும் மின்சாரம் கடத்தும் பிளாஸ்மாவாக மாறுகிறது. நாம் காணும் ஊதா நிறப் பொறி அதுதான். பொறி பாயும் பாதையிலுள்ள காற்று சட்டென்று மிகுந்த வெப்பமடைந்து விரிகிறது. அந்த விரிவு ஓர் அழுத்த அலையாகச் சுற்றிலும் பரவி, காதுக்கு ‘பட்’ என்ற ஒலியாக வந்து சேர்கிறது. இடி பிறப்பதும் இவ்வாறே. மின்னலின் பாதையில் வெப்பநிலை ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸை எட்டும். அது சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். டெஸ்லா சுருள் எழுப்புவது அளவில் மிகச் சிறிய இடி.

ஒரு ‘பட்’ ஒலி எப்படி ஸ்வரமாகிறது? டெஸ்லா சுருளின் மின்னலைவு நொடிக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேலாக இருக்கலாம். மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ்தான் என்பதால், அந்த அலைவை நேரடியாக நாம் கேட்க முடியாது. ஆகவே இசைக்காக அமைக்கப்படும் சுருளில், டிரான்சிஸ்டர்களைக் கொண்டு மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒத்ததிர்வு வளர்ந்து, பொறி பாய்ந்து, ஒரு ‘பட்’ ஒலி பிறந்து அடங்கிவிடும். பிறகு ஓய்வு. மீண்டும் ஒரு துண்டு. இவ்வாறு நொடிக்கு 110 முறை நடந்தால், காதுக்குத் தனித்தனி வெடிப்புகள் கேட்பதில்லை. 110 ஹெர்ட்ஸ் சுருதியுள்ள தொடர்ந்த ஸ்வரமே கேட்கும். 220 முறை நடந்தால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். கீபோர்டில் அழுத்தும் ஒவ்வொரு கட்டையும், நொடிக்கு எத்தனை துண்டுகள் வேண்டும் என்ற கட்டளையாகச் சுருளுக்குப் போகிறது.

இந்த ஒலியின் கரகரப்புக்கும் இதுவே காரணம். புல்லாங்குழலின் அழுத்த அலை வழவழப்பாக ஏறி இறங்குவதால் அதில் அடிப்படை ஸ்வரமும் ஒருசில மேற்சுரங்களும் (அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த அதிர்வெண்கள்) மட்டுமே வலுவாக இருக்கும். பொறியின் அலையோ கூரிய முள்ளாக எழுந்து உடனே தாழ்கிறது. அவ்வளவு கூர்மையான அலையில் 110, 220, 330, 440 என்று அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள் நெடுந்தூரம் வரை ஏறக்குறைய ஒரே வலுவோடு அடங்கியிருக்கும். அதனால்தான் தாழ்ந்த ஸ்வரமாக இருந்தும் அது குழுப்பாடலையும் ஆர்கனையும் ஊடுருவிக்கொண்டு தெளிவாகக் கேட்கிறது.

இனி, பாட்டின் அமைப்புக்கு வருவோம். ‘தண்டர்போல்ட்’டில் சுருள் வாசிப்பது ஆர்பெஜியோ, அதாவது ஒரு கார்டில் சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும் முறை. அதுவும் தாழ்ந்த ஸ்தாயியில். இரண்டுமே கருவியின் இயல்புக்குப் பொருந்தியவை. ஒரே சுருளில் மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்தால், அவற்றின் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பும். டிரான்சிஸ்டர்களும் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிச் சூடாகும். உயர்ந்த ஸ்வரங்களிலும் இதே தொல்லை வருகிறது. 110 ஹெர்ட்ஸிலிருந்து 880 ஹெர்ட்ஸுக்குப் போனால் துண்டுகளின் எண்ணிக்கை 8 மடங்காகிறது. செலவாகும் மின்திறன் கூடாதிருக்க வேண்டுமானால் ஒவ்வொரு துண்டையும் 8 மடங்கு குறுக்க வேண்டும். ஒரு லட்சம் ஹெர்ட்ஸில் அலையும் சுருளுக்கு, முன்பு சொன்ன பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் 10 அலைவுகள் கிடைக்கும். அதை எட்டில் ஒன்றாகக் குறைத்தால் ஓர் அலைவுக்குச் சற்றுக் கூடுதலான நேரமே மிஞ்சுகிறது. அதற்குள் ஒத்ததிர்வு வளரவே வழியில்லை. பொறி குட்டையாகி ஒலி மெலிந்துபோகும். தாழ்ந்த ஸ்தாயியில், ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் என்று வாசிக்கும்போதுதான் டெஸ்லா சுருள் முழுக் குரலில் பாடும். பியோர்க் அந்தப் பாட்டில் அதனிடம் கேட்டதும் அதைத்தான். இந்த ஆல்பத்தில் அறிவியலும் இசையும் மிக நெருங்கிவந்த இடம் இதுவே என்பது என் கருத்து.

2011 கோடையில் மான்செஸ்டர் சர்வதேச விழாவில் இந்தப் பாடல்கள் முதலில் மேடையேறியபோது, சுருள் ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருந்தபடி பொறி உமிழ்ந்தது. மைக்கேல் ஃபாரடே 1836-இல் செய்துகாட்டியபடி, மூடிய உலோகக் கூண்டு மின்புலத்தைத் தன் பரப்போடு நிறுத்திவிடும். பொறி கூண்டின் கம்பியைத் தொட்டதும் மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடுவதால், அருகில் நிற்கும் பாடகர்களுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் ஆபத்தில்லை.

‘சால்ஸ்டிஸ்’ பாடலுக்குரிய புவியீர்ப்பு ஹார்ப் வேறு வகையானது. ரோபோ இசைக்கருவிகளை உருவாக்கும் ஆண்டி கவடோர்டா இதை அமைத்தார். நான்கு பெரிய ஊசல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் 11 தந்திகள் கட்டிய உருளை. ஊசல் தன் பாதையின் அடிப்புள்ளியைக் கடக்கும்போது ஒரு தந்தி மீட்டப்படுகிறது. எந்தத் தந்தி என்பதை, உருளையைத் திருப்பும் மோட்டார் தீர்மானிக்கிறது.

மீட்டும் இடமாக அடிப்புள்ளி இருப்பது பொருத்தமானது. ஊசல் எவ்வளவு அகலமாக ஆடினாலும், ஆட்டம் மிகையாகாத வரை, ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய மாறாது. கலிலியோ கண்ட உண்மை இது. வீச்சு சிறிது குறைந்தாலும் கூடினாலும் ஊசல் அடிப்புள்ளிக்கு உரிய நேரத்தில் வந்துவிடும். அங்கே அதன் வேகமும் உச்சத்தில் இருப்பதால் மீட்டும் கணம் தெளிவாக அமையும். ஆனால் இதே உண்மை இசைக்கு ஒரு கடிவாளமும் போடுகிறது. அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் போய்த் திரும்ப 2 நொடி ஆகும். அதை ஒரு நொடியாக்க வேண்டுமானால் நீளத்தைக் கால் மீட்டராகக் குறைக்க வேண்டும். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட ஊசலை வாசிப்பவர் விருப்பப்படி வேகப்படுத்த முடியாது. எனவே பாட்டு ஊசலின் நிதானத்துக்கு இணங்கியே நடக்க வேண்டும். ‘சால்ஸ்டிஸ்’ அப்படித்தான் நடக்கிறது. குரல் நீண்டு அலைய, தந்திகள் தம் முறை வந்தபோது மட்டும் ஒலிக்கின்றன. ஒலிப்பதிவில் மட்டும் கேட்பவருக்கு இது சாதாரண ஹார்ப்பாகவே தோன்றிவிடும் என்பதுதான் இதிலுள்ள குறை. இந்தக் கருவியைக் கண்ணாலும் கேட்க வேண்டும்.

‘கேம்லெஸ்டி’ என்ற மூன்றாவது கருவி, செலஸ்டா எனும் கீபோர்டு வாத்தியத்தின் எஃகுத் தகடுகளை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் இந்தோனேசிய கேம்லான் இசையில் உள்ளவை போன்ற வெண்கலப் பட்டைகளைப் பொருத்திச் செய்தது. பிரிட்டனைச் சேர்ந்த சிம்பல் தயாரிப்பாளர் மேட் நோலனும் ஐஸ்லாந்தின் ஆர்கன் தயாரிப்பாளர் பியோர்க்வின் டோமாசனும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். தந்தியின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்குகளாக ஒழுங்காக அமையும். சீரான உலோகப் பட்டையில் அவை சுமார் 2.76, 5.40 மடங்குகளில் விழுகின்றன. அந்த மேற்சுரங்கள் அடிப்படை ஸ்வரத்தோடு முழுமையாக ஒன்றாமல் தனித்து மினுங்குவதால்தான் மணியோசை போன்ற குளிர்ச்சி பிறக்கிறது. ‘கிறிஸ்டலைன்’ பாடலின் தொடக்கத்தில் கேட்பது இந்த ஒலியே. அதன் தாளம் 17 எண்ணிக்கை கொண்டது. 17 பகா எண் என்பதால் அதைச் சம பங்குகளாகப் பிரித்துக் காது அமர இடம் கிடைப்பதில்லை. கடைசியில் வேகமான டிரம்ஸ் வெடித்துக் கிளம்பும்வரை அந்த நிலைகொள்ளாமை நீடிக்கிறது.

ஆல்பத்தின் பத்துப் பாடல்களுக்கும் ஒவ்வொரு செயலி வெளியானது. ‘தண்டர்போல்ட்’ செயலியில் திரையைத் தொட்டு மின்னலை இழுத்தால் ஆர்பெஜியோ ஒலிக்கும். ‘மியூச்சுவல் கோர்’ செயலியில் நில அடுக்குகளைச் சேர்த்தழுத்தினால் கார்டுகள் உருவாகும். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2014-இல் இந்தத் தொகுப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அங்கே இடம்பெற்ற முதல் செயலி இதுவே. அதே ஆண்டு, நார்டிக் அமைச்சர்கள் குழுவின் தலைமைப் பொறுப்பு ஐஸ்லாந்திடம் இருந்தபோது, இந்தச் செயலிகளை வைத்து இசையையும் இயற்பியலையும் ஒன்றாகக் கற்பிக்கும் ‘பயோஃபிலியா’ கல்வித் திட்டம் ஐஸ்லாந்துக்கு வெளியே மற்ற நார்டிக் நாடுகளின் பள்ளிகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது.