கவுன்சிலரா, கமிஷனரா? மனுவை யாரிடம் கொடுப்பது

மதுரை மாநகராட்சியில் உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்து நாலு நாளாகப் பொங்குகிறது என்று வையுங்கள். எல்லோரும் கவுன்சிலர் வீட்டுக்குப் போகிறார்கள். அவரும் உதவிப் பொறியாளருக்குத்தான் போன் போடுவார். அடைப்பெடுப்பது நிர்வாக வேலை, மாமன்றத்தின் (கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் மன்றத்தின்) தீர்மானம் தேவையில்லை. புகாரைப் பொறியாளரிடமோ மண்டல உதவி ஆணையரிடமோ கொடுத்துப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அதே தெருவுக்குப் புதுக் குழாய் பதிக்க வேண்டுமென்றால் கவுன்சிலரைப் பிடிப்பதுதான் சரி. பொறியாளர் மதிப்பீடு போடுவார். பெரிய தொகை என்றால் அது மன்றப் பொருளாக, அதாவது கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயமாக, மாமன்றத்துக்கு வரும். மதுரையில் 100 வார்டு உறுப்பினர்கள்; மேயர் தலைமை. ஆணையர் (கமிஷனர்) கூட்டத்தில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. தீர்மானம் நிறைவேறிய பிறகு டெண்டர், பணி ஆணை எல்லாம் ஆணையர் பக்கம்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில பொருள்களில் ‘மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி’ என்று எழுதியிருக்கும். வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது, ஒப்புதல் பின்னால் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அவசரத்துக்கு இது வேண்டியதுதான். அதுவே வழக்கமாகிவிட்டால் மன்றம் வெறும் முத்திரை குத்தும் இடமாகிவிடும். கூட்டத்துக்கு முன்பே உங்கள் கவுன்சிலரிடம் பொருள் பட்டியலை வாங்கிப் படியுங்கள். வேலை முடிந்தபின் சந்தேகமிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, தீர்மான நகல், பணி ஆணை, அளவுப் புத்தக (முடிந்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் பதிவேடு) நகல் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராம ஊராட்சிகளில் முடிவெடுப்பது மன்றம், செய்து முடிப்பது ஆணையர் என்ற பிரிவினையே கிடையாது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, கூட்டத்தை நடத்துபவரும் செயல்படுத்துபவரும் தலைவர்தான். அதனால்தான் காசோலையில் துணைத் தலைவரின் கையெழுத்தும் சேர வேண்டும் என்று வைத்தார்கள். இருவருக்கும் ஆகாது என்றால் பணம் பட்டுவாடா ஆகாமல் நிற்கும். ஊராட்சிகளின் ஆய்வாளரான கலெக்டரிடம் எழுத்தில் முறையிடுவதே அப்போது வழி.

மதுரை மாவட்டத்தின் ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். முடிவெடுப்பதும் செலவழிப்பதும் தேர்தலில் நிற்காத ஒரே அதிகாரி. அந்த நிலையில் ஊர் கேள்வி கேட்க மிஞ்சுவது கிராம சபை மட்டும்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். வரவு செலவுக் கணக்கை அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பதிவேட்டின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினால், மேலே என்ன எழுதினாலும் ஊர் ஒப்புக்கொண்டதாகவே ஆகும்.